வயற் கணக்கில் பெண்ணின் நாட்கள்

அறுவடை முடிந்தால் வன்னியில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஏக்கருக்கு எத்தனை மூட்டை?" சமூகப் பணியாளராகக் கிராமங்களுக்குச் செல்லும் நான் இன்னும் மூன்று கேள்விகள் கேட்பதுண்டு. எவ்வளவு செலவானது? உரமும் தண்ணீரும் எவ்வளவு போயின? வீட்டுப் பெண் எத்தனை நாள் உழைத்தாள்? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் சிரிப்புத்தான் பதில்.

இட்டதற்கு எவ்வளவு பெற்றோம் என்பதே ஒரு பண்ணையின் திறன். உதாரணத்துக்கு எல்லாவற்றையும் நெல் மூட்டையாகவே எண்ணுவோம். ஒரு வயலில் விளைச்சல் 30 மூட்டை. உழவு, உரம், மருந்து, அறுவடை இயந்திரம் என்று 22 மூட்டையின் பெறுமதி செலவு. மீதி 8. அடுத்த வயலில் விளைச்சல் 25, செலவு 13, மீதி 12. ஊர் பாராட்டுவதோ முதல் வயலை!

இனி, அந்த வயலில் களை பிடுங்கி, வேலையாட்களுக்குச் சமைத்து, நெல் காயவைத்த பெண்ணின் நாட்களுக்கும் கூலி போட்டுப் பாருங்கள். 8 மூட்டையும் கரைந்துவிடலாம். போரில் துணையை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் பலர் வாழும் மண் இது. நட்டத்தை இலாபமென்று நம்பினால் அடுத்த போகமும் கடன்தான்.

சூழலுக்கும் கணக்கு உண்டு. 50 கிலோ யூரியாவில் நைதரசன் 23 கிலோ. பயிர் எடுக்காததில் ஒரு பகுதி காற்றோடு போகும், ஒரு பகுதி நிலத்தடி நீரில் சேரும். காசும் வீண், கிணற்றுக்கும் கேடு. எந்நேரமும் நீர் நிற்கும் வயலில் புவியைச் சூடாக்கும் மெதேன் வாயு உண்டாகிறது. வயல் நீர்மட்டத்தை மண்ணுக்குக் கீழே 15 சதமமீற்றர் வரை இறங்கவிட்டு மீண்டும் பாய்ச்சும் முறையைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைக்கிறது. பூக்கும் காலத்தில் மட்டும் நீர் நிற்கவேண்டும். இதனால் 30 வீதம் வரை நீர் மிஞ்சும். இரணைமடுக் குளத்தில் நீர் குறைந்தால் சிறுபோகப் பரப்பும் குறையும். மிஞ்சும் நீர் இன்னொரு குடும்பத்தின் வயல்.

அதற்காக உரத்தை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரென்று தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே தடை தளர்ந்தபோதும் அந்தப் பெரும்போகத்தில் நாடெங்கும் நெல் விளைச்சல் வீழ்ந்தது. அளந்து பார்த்துத்தான் குறைக்க வேண்டும்.

சகோதரிகளே, ஒரு கொப்பியில் நான்கு நிரல் கீறுங்கள்: காசு, உரமும் மருந்தும், நீர் பாய்ச்சிய நாட்கள், வீட்டார் உழைத்த நாட்கள். போகம் முடிந்ததும் கூட்டி, மாதர் சங்கக் கூட்டத்தில் அயல் வயலோடு ஒப்பிடுங்கள். விவசாயப் போதனாசிரியரிடமும் காட்டுங்கள். நான்காவது நிரலை மட்டும் வெறுமையாக விட்டுவிடாதீர்கள்.