ஆவடியும் மறக்கப்பட்ட படையும்

ஆவடி என்ற பெயரே ராணுவக் கிடங்கு ஒன்றின் ஆங்கிலச் சுருக்கம்தான் என்று புறநகர் ரயிலில் யாராவது சொல்ல அடிக்கடி கேட்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆனால், இரண்டாம் உலகப் போரின்போது இவ்வூர் பெரிய ராணுவத் தளமாக இருந்தது உண்மை. 1942இல் பர்மா ஜப்பானிடம் வீழ்ந்ததும் போர்முனை வங்கக் கடலின் அக்கரைக்கே வந்துவிட்டது.

பர்மாவை மீட்க 1943இல் ஜெனரல் ஸ்லிம் தலைமையில் 14ஆவது ராணுவம் அமைந்தது. பெயரளவில் பிரிட்டிஷ் படை. வீரர்களில் பெரும்பாலோர் இந்தியர். முதல் உலகப் போரில் மெசபடோமியா வரை சென்ற சென்னைக் காலாட்படைகளை, ‘போர்க்குடியினர் அல்லர்’ என்று கருதி இடைக்காலத்தில் கலைத்தது ஆங்கிலேய அரசு. ஆபத்து வந்ததும் மெட்ராஸ் ரெஜிமெண்டை மீண்டும் திரட்டியதும் அதே அரசுதான்!

அப்போரில் எதிரணியிலும் தமிழர் இருந்தனர். மலேயாத் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள் அவர்கள். அந்த ராணுவத்தினரை விடுதலை வீரர்களாக ஏற்று, 1972இல் மத்திய அரசு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது. அது நியாயமே. 14ஆவது ராணுவத் தமிழரையோ நாம் வெள்ளையரின் கூலிப்படை என்று ஒதுக்கிவிட்டோம். வறுமையால் சேர்ந்தவர் எத்தனை பேர் என்று கேட்கவுமில்லை.

ஆவடியிலிருந்து நந்தம்பாக்கம் போர்க் கல்லறை தொலைவில் இல்லை. இரு போர்களிலும் இறந்தோரின் பெயர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன. நான் சென்ற காலையில் தோட்டக்காரரைத் தவிர வேறு யாரும் இல்லை.