விமான் நகரில் விற்பனைக்கு வரும் பழைய ஹாட்ச்பேக்

புனே விமான் நகரை அடுத்து விமான நிலையமும் கராடியின் மென்பொருள் வளாகங்களும் இருப்பதால், பணிமாற்றம் பெற்று ஊர் விட்டுச் செல்வோர் ஆண்டு முழுவதும் உண்டு. அவர்களுடைய பலேனோ, ஐ20, போலோ, ஜாஸ் கார்கள் குடியிருப்பு வளாகத்திலேயே விலைக்கு வருகின்றன. முதல் உரிமையாளரிடம் நேரே வாங்குவது நல்லதே. ஆனால் புறப்படும் அவசரம் அவருடையது. நிதானம் நம்முடையதாக இருக்க வேண்டும்.

அருகிலுள்ள சாகனில் தயாரான போலோ 2010 முதல் 2022 வரை விற்பனையில் இருந்தது. அதன் கட்டுறுதியை விரும்புவோர் இன்றும் பலர். எனினும் ஜி.டி. டி.எஸ்.ஐ. வகையில் வந்த டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் பழுதடைந்தால் செலவு பெரிது. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் கிளப்பி, நகர் ரோடு நெரிசலில் அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். மெல்ல ஊர்கையில் உதறினால் அந்த வண்டியை விட்டுவிடலாம். 2023இல் நிறுத்தப்பட்ட ஜாஸின் பெட்ரோல் எஞ்சின் நெடுங்காலம் உழைக்கக் கூடியது. சி.வி.டி. வகையாயின், கியர் ஆயில் உரிய காலத்தில் மாற்றப்பட்டதா என்று சர்வீஸ் பதிவில் காண வேண்டும். ஓடிய கிலோமீட்டரையும் அப்பதிவில்தான் சரிபார்க்க வேண்டும். மீட்டரைத் திருத்துவது கடினமன்று. எந்த ஊரிலும் உதிரிபாகம் எளிதில் கிடைக்க வேண்டும் என்போருக்கு பலேனோவே எம் பரிந்துரை.

வண்டியைவிட ஆவணமே சிக்கலாவதைக் கடன் பிரிவில் நாங்கள் அடிக்கடி காண்கிறோம். "கடனை அடைத்துவிட்டேன்" என்று விற்பவர் கூறுவது உண்மையாகவே இருக்கும். ஆயினும் கடன் கணக்கு முடிவது வேறு, பதிவுச் சான்றிதழில் ஹைப்பொதிகேஷன் நீங்குவது வேறு. கடன் தந்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேராவிடில், பழைய வங்கியின் பெயர் பதிவில் நீடித்து, பெயர் மாற்றமும் புதுக் கடனும் தடைபடக்கூடும். வாகன் தளத்தில் இதை முன்னரே பார்த்துவிடலாம். நிலுவை இருப்பின், பணத்தை விற்பவர் கையில் தராமல் அவருடைய கடன் கணக்கிலேயே செலுத்தி ரசீது பெறுவது பாதுகாப்பு.

எம்.எச். 12, எம்.எச். 14 எண்களாயின் வேலை எளிது. கர்நாடக, தமிழகப் பதிவு எண்ணாயின், அம்மாநில ஆர்.டி.ஓ.வின் தடையின்மைச் சான்றும் மகாராஷ்டிர சாலை வரியும் தேவைப்படும். விலை பேசும்போதே அத்தொகையைக் கழித்துப் பேசுதல் நன்று. காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது.