பொருநை வழி – 17: ஜன்னலில் கடந்துபோகும் ஊர்

திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்தவர்களில் திருச்செந்தூருக்குப் போகாதவரைப் பார்ப்பது அபூர்வம். முடியிறக்க, காது குத்த, கந்த சஷ்டி, மாசித் திருவிழா என்று ஏதாவதொன்று வந்துவிடும். ஒன்றுமே இல்லாவிட்டாலும் கடலில் ஒரு முங்கு போட்டுவிட்டு வரலாமே என்று கிளம்புவோம். ரயிலில் போனால் நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி தாண்டி, திருச்செந்தூருக்கு முந்தின நிலையம் காயல்பட்டினம். வண்டி நிற்கும். பெட்டியும் பையுமாகச் சிலர் இறங்குவார்கள். மற்றவர்கள் அதற்குள் காலுக்கடியில் செருப்பைத் தேடவும் மேலே வைத்த சாமானை இறக்கவும் ஆரம்பித்திருப்பார்கள். 1923இல் இந்தப் பாதை திறந்ததிலிருந்து நாலு தலைமுறை இப்படித்தான் அந்த ஊரை ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

சென்ற வாரம் ஸ்ரீவைகுண்டம் அணையில் நின்றோம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அது. அதற்குக் கீழே ஆறு ஏரல், ஆத்தூர் வழியாகப் போய்ப் புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. கழிமுகத்துக்குப் படகில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தவர் அன்றைக்குக் கடலுக்குப் போயிருந்தார். சாயங்காலம் வந்தால் போதும் என்று வழியிலேயே தகவல் வந்தது. மத்தியானம் முழுக்க எனக்கு வேலை இல்லை. காயல்பட்டினத்தில் இறங்கினேன். நெல்லையில் இருக்கும் நண்பர்களிடம் சொன்னால் அங்கே யாரையாவது பிடித்துக் கொடுப்பார்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கூட ஒருவர் வந்தால் அவர் காட்டுவதைப் பார்த்து, அவர் சொல்வதற்குத் தலையாட்டுவதிலேயே பொழுது போய்விடும். பக்கத்திலேயே இருந்தும் முகம் தெரியாத ஊர் இது. முதல் தடவை நானாகவே பார்க்க வேண்டும் என்றிருந்தது.

கடைத்தெருவின் இரைச்சல் இரண்டு திருப்பத்தில் அடங்கிவிடுகிறது. சதுக்கைத் தெரு, நெய்னார் தெரு, அப்பாபள்ளித் தெரு என்று உள்ளே போகப் போக வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்கின்றன. கதவுகள் சாத்தியிருக்கின்றன. உச்சி வெயிலில் தெருவில் கண்ணில் பட்டவர்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் வயசாளிகளும்தான். நடுவயது ஆண்கள் ரொம்பக் குறைவு. அவர்கள் கொழும்பில், சென்னையில், வளைகுடா நாடுகளில், ஹாங்காங்கில் இருக்கிறார்கள். கடல் கடந்து வியாபாரம் செய்வது இந்த ஊருக்குப் பரம்பரைத் தொழில். ரத்தினக்கல் வியாபாரத்தில் காயல்காரர்களுக்குத் தனிப் பெயர் உண்டு.

ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கூப்பிட்டார்.

"யாரைத் தேடுறீங்க?"

"யாரையும் தேடல அண்ணாச்சி. சும்மா ஊரப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"எந்த ஊரு?"

"பாளையங்கோட்டை."

"அங்க உள்ளவங்க செந்தூருக்குல்ல போவாங்க!" என்று சிரித்தவர் நகர்ந்து இடம் விட்டார். உள்ளே பார்த்து, "உம்மாட்டச் சொல்லித் தண்ணி வாங்கிட்டு வா" என்று ஒரு பையனுக்குக் குரல் கொடுத்தார். கொழும்பில் கடை வைத்திருந்தவராம். தெருவில் போன இளவட்டங்கள் "காக்கா" என்று சொல்லி ஸலாம் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, சுவர்களுக்கு நடுவே ஒரு சந்து தெரிந்தது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோளை ஒதுக்கிக்கொள்ள வேண்டிய அகலம். அந்த வழியாக அடுத்த தெருவுக்குப் போய்விடலாமா என்று கேட்டேன். "போகலாம். ஆனா அது பொம்பளையாளுக போற முடுக்கு. நீங்க இப்படிச் சுத்திப் போயிருங்க" என்றார், பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்வதுபோல. பேசிக்கொண்டிருக்கும்போதே முடுக்கின் உள்ளிருந்து பெண்களின் பேச்சும் ஒரு குழந்தையின் அழுகையும் கேட்டன. ஏதோ ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஒரு பாத்திரம் போகிறது. மூடியைச் சரியாகப் பிடி என்று யாரோ யாரையோ அதட்டுகிறார்கள். ஆண்கள் நடக்கும் அகலமான தெருவுக்குப் பின்னால் பெண்கள் நடக்கும் இன்னொரு ஊர் இருக்கிறது. மதியச் சோறு, நலம் விசாரிப்பு, கல்யாணப் பேச்சு எல்லாம் அந்த வழியாகத்தான் வீடு வீடாகப் போய்வருகின்றன.

இதைக் கட்டுப்பாடு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு நகர்ந்துவிடலாம். என்னால் முடியவில்லை. ஏனென்றால் இதே ஊரில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குக் கல்யாணம் என்றால் அவளுக்கு ஒரு வீடு ஏற்பாடு செய்ய வேண்டும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து தங்குகிறார். பெண் தன் தாயை, சகோதரிகளை, தான் பிறந்த தெருவை விட்டுப் பிரிவதில்லை. புருஷன் வருஷக்கணக்கில் கடல் கடந்து இருக்கும் குடும்பங்களில் இது எவ்வளவு பெரிய துணை என்று யோசித்துப் பாருங்கள். மறுபக்கம், ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு என்பது தகப்பனின் முதுகில் எவ்வளவு பெரிய சுமை! அந்த முடுக்கில் சௌகரியம் எத்தனை பங்கு, கட்டு எத்தனை பங்கு என்று சொல்ல வேண்டியவர்கள் அதில் நடக்கிறவர்கள். அரைநாள் வந்துபோகிற ஆண் நான், சுற்றுவழியாகவே போனேன்.

ஊரில் பள்ளிவாசல்கள் நிறைய. பழையவை கல்லால் கட்டியவை. ஒன்றின் வாசலில் அனுமதி கேட்டு, தொழுகை முடிந்த நேரமாக வெளி மண்டபத்தில் நின்று பார்த்தேன். கல்தூண், மேலே போதிகை, அதன்மேல் உத்தரம். நம் கோயில் மண்டபங்களில் காணும் அதே வேலைப்பாடுதான். உருவங்கள் மட்டும் கிடையாது. பூவும் கொடியும் கோடுகளும் மட்டும் செதுக்கியிருக்கிறார்கள். கல்லுக்குச் சொன்னது பாட்டுக்கும் பொருந்தும். காயல்பட்டினத்துக் காசிம் புலவர் நபிகள் நாயகத்தின் மீது திருப்புகழ் பாடியவர். அருணகிரிநாதரின் சந்தத்தை எடுத்து, அந்தத் துள்ளலும் தாளக்கட்டும் குலையாமல் தம் நாயகரைப் பாடினார். அருணகிரியார் பாடிய செந்தூர் இங்கிருந்து 8 கிலோமீட்டர்தான். அந்தத் திருப்புகழை மனப்பாடம் செய்து வளர்ந்த என் போன்றவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் இந்தத் திருப்புகழைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

அந்நியன் வந்து இறங்குவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் என்று அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து வரும் கப்பல்கள் குதிரைகளோடு இங்கே வந்து நின்றன. பாண்டிய சகோதரர்கள் அந்தக் குதிரைகளைக் கொட்டிக் கொடுத்து வாங்கினார்கள். நம் வெயிலும் தீவனமும் ஒத்துக்கொள்ளாமல் அவை செத்துக்கொண்டே இருக்க, மறு ஆண்டு மறுபடி வாங்கினார்கள். ஊர்க்காரர்கள் எந்நேரமும் ஓர் இலையை மென்றுகொண்டே இருக்கிறார்கள் என்பதையும் போலோ விடாமல் குறித்துவைத்திருக்கிறார். தாமிரபரணித் தண்ணீரில் விளையும் ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. போலோ பார்த்தவர்கள் மென்ற இலை எந்தக் கொடிக்காலிலிருந்து வந்ததோ. ஆத்தூர் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

அந்தக் காயல் எது என்பதில் வாதம் இன்னும் ஓயவில்லை. பிஷப் கால்டுவெல் ஆற்றுக்கு வடக்கே இருக்கும் பழையகாயல்தான் என்றார். அங்கே மைல்கணக்கான தூரத்துக்கு உடைந்த ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் மண்ணில் இறைந்து கிடந்ததை 1881இல் வெளிவந்த தமது திருநெல்வேலிச் சரித்திரத்தில் எழுதினார். காயல்பட்டினத்தின் பழமையைச் சொல்கிறவர்களுக்கு அவர்கள் தரப்பு இருக்கிறது. எனக்கு இதில் பெரிதாகப் படுவது ஆறு செய்த வேலை. பொதிகையிலிருந்து அடித்துவந்த மண்ணைக் கொட்டிக் கொட்டித் தாமிரபரணி கடலைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. சங்க காலத்தில் முத்துக்குப் பேர்போன கொற்கை இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வாழைக்கும் நெல்லுக்கும் நடுவே இருக்கிறது. கொற்கையைத் தூர்த்தது, அடுத்துக் காயலைத் தூர்த்தது. பிறகு போர்ச்சுகீசியர் புன்னைக்காயலில் வந்து உட்கார்ந்தார்கள். 1578இல் கொல்லத்தில் தமிழில் "தம்பிரான் வணக்கம்" அச்சிட்ட அண்ட்ரிக் அடிகளார் நெடுங்காலம் வாழ்ந்தது அங்கேதான். துறைமுகங்கள் இப்படி இடம் மாற மாற, மரக்காயர்களும் பரதவர்களும் கடலைத் தொடர்ந்து போய்க் குடியேறினார்கள்.

ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஊருக்கு வானமும் ஒரு நாள் தன் கணக்கைக் காட்டியது. 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியது சுமார் 65. அதற்கு முந்தின இரவு செந்தூரிலிருந்து கிளம்பிய எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. அதற்கு மேல் தண்டவாளத்தின் கீழே மண்ணே இல்லை. 800 பேர் அளவில் சிக்கிக்கொண்டார்கள். தங்கள் வீடுகளே தண்ணீரில் நின்ற வேளையில் பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். பெரியவரிடம் அந்த மழையைப் பற்றிக் கேட்டேன். சுவரில் தன் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினார். வெள்ளையடித்த சுவர், அடையாளம் எதுவும் இல்லை. "பத்திரமெல்லாம் மேல் மாடிக்கு ஏத்திட்டோம். அரிசி போச்சு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

நாலு மணிக்கு மேல் கடற்கரைக்கு நடந்தேன். அகலமான மணல். உள்தெருக்களில் காணாத கூட்டம் இங்கே குடும்பம் குடும்பமாக வந்துகொண்டிருந்தது. சுண்டல் விற்கிறவரும் பந்தடிக்கும் பையன்களும் இடம் பிடித்திருந்தார்கள். தனியாக உட்கார்ந்திருப்பவனிடம் கடற்கரையில் யாரும் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்பதில்லை.

செந்தூர் போகிறவர்கள் ஒரு தடவையாவது ஒரு வண்டி முன்னால் புறப்பட்டு இங்கே இறங்கிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் வேண்டாம், ஊரே தொழுகையில் இருக்கும். தெருக்களிலும் வாசல்களிலும் கேட்காமல் கேமராவைத் தூக்காதீர்கள். திண்ணையில் பெரியவர்கள் யாராவது இருந்தால் நீங்களே போய் எந்த ஊர் என்று சொல்லிவிடுங்கள். அதற்கப்புறம் பேச்சுக்குக் குறைவிருக்காது. கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். நம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து பஸ் வைத்து எங்கெங்கோ கூட்டிப்போகிறோம், இந்த நான்கு ஊருக்கும் கூட்டிப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. நெல்லை, தூத்துக்குடி ஆசிரியர்கள் யாராவது இந்த வருஷம் அதைத் தொடங்கினால் நானும் கூட வரத் தயார்.

ஐந்து மணிக்கு ஆத்தூர் போய், அங்கிருந்து புன்னைக்காயல் பஸ்ஸைப் பிடித்தேன். படகுக்காரர் கரையேறியிருந்தார். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் குறையக் குறையக் கழிமுகத்து மீனுக்கு என்ன ஆகிறது என்று அவர் சொன்னதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)