நீந்துங்கள், மிதியுங்கள், ஓடுங்கள்!

"இந்த வயதில் எனக்கு ஓட்டப் பந்தயமா?" என்று சிரிக்கும் சகோதரிகள் முதலில் மடோனா பியூடர் என்ற அமெரிக்கக் கன்னியாஸ்திரீயின் கதையைக் கேட்க வேண்டும். அவர் ஓடத் தொடங்கியதே 48-வது வயதில்தான். 52-வது வயதில் முதல் டிரையத்லான் பந்தயத்தில் கலந்துகொண்டார். 2012-ம் வருஷம், 82-வது வயதில், 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம் என்ற 'அயர்ன்மேன்' பந்தயத்தை முடித்துக் காட்டினார்!

பயப்படாதீர்கள், உங்களை அவ்வளவு தூரம் அழைத்துப் போகப் போவதில்லை.

டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் ஓய்வின்றி அடுத்தடுத்து முடிப்பது. 1974 செப்டம்பர் 25-ந் தேதி, அமெரிக்காவில் ஸான் டியேகோ நகரத்து மிஷன் விரிகுடாவில் பிறந்த விளையாட்டு இது. 2000-ம் வருஷம் ஸிட்னி ஒலிம்பிக்ஸில் இது முதன்முதலாக இடம் பெற்றபோது, முதலில் நடந்தது பெண்கள் பந்தயம்தான். ஸ்விட்ஸர்லாந்தின் பிரிகிட் மக்மஹோன் இரண்டே விநாடி முந்தித் தங்கப் பதக்கத்தைத் தட்டிச் சென்றார்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது 'ஸ்பிரின்ட்' என்னும் குறுந்தூரப் பந்தயம். நீச்சல் 750 மீட்டர், சைக்கிள் 20 கிலோமீட்டர், ஓட்டம் 5 கிலோமீட்டர். கோயமுத்தூர்க் கணக்கில் சொல்லட்டுமா? 25 மீட்டர் நீச்சல் குளத்தில் முப்பது நீளம். காந்திபுரத்திலிருந்து ஏறக்குறைய சூலூர் வரை சைக்கிள். பிறகு ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் சுமார் இரண்டு சுற்று. அவ்வளவுதான்!

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? வைத்தியரிடமிருந்து. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள நம் நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை வயதின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடுகிறோம். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர்ப் பயம். கொங்குச் சீமையில் முன்பெல்லாம் தோட்டத்துக் கிணறே நீச்சல் பள்ளிக்கூடம். முதுகில் சுரைப்புருடையைக் கட்டிப் பிள்ளைகளை உள்ளே தள்ளிவிடுவார்கள். இன்று அது வேண்டாம். ஆசிரியரும் உயிர்காப்பாளரும் உள்ள குளத்துக்கே போங்கள். எந்தத் தண்ணீரிலும் தனியாக இறங்காதீர்கள். புதியவர்கள் திணறுவதற்குக் காரணம் பெரும்பாலும் கையும் காலும் அல்ல, மூச்சுதான். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். தலையைத் தூக்கியதும் விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்ற அவசரம் வந்துவிடுகிறது. குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நனைத்து, மெதுவாகக் குமிழி விட்டுப் பழகுங்கள். பந்தயத்தில் எந்த விதமாகவும் நீந்தலாம். களைத்துவிட்டால் மிதவையைப் பிடித்து இளைப்பாறவும் விதி இடம் தருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறக் கூடாது, அவ்வளவுதான்.

சைக்கிளுக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம். பிரேக் நன்றாகப் பிடிக்கும் சைக்கிள், தலைக்கு ஹெல்மெட், இரண்டும் போதும். துப்பட்டா சக்கரத்தில் சிக்காதபடி உடை இருக்கட்டும். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று ஒரு நல்ல வாத்தியார். விடியற்காலையில் பேரூர்ப் பக்கம் மேற்கே போனால் எதிர்க்காற்று. திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிவிடும். எதிர்க்காற்றில் வேகத்துக்குப் போராடாமல், கியரைக் குறைத்து இலேசாக மிதிக்கப் பழகுங்கள்.

ஓட்டத்துக்கு ஒரே விதி: ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பேச்சு வராவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம். முதலில் ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. போகப் போக ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறையுங்கள்.

அரைமணி நேரம் நடக்கக் கூடியவருக்குப் பன்னிரண்டு வாரம் போதும். நீச்சலே தெரியாதவர்கள் முதலில் அதைக் கற்றுக்கொண்டு, பிறகு வாரத்தை எண்ணத் தொடங்கட்டும். வாரத்தில் நீச்சல் இரண்டு நாள், சைக்கிள் இரண்டு நாள், ஓட்டம் இரண்டு நாள், ஏழாம் நாள் பூரண ஓய்வு. ஒவ்வொரு நாளும் அரைமணியில் தொடங்கி முக்கால் மணிக்குப் போகலாம். நான்கு வாரத்துக்கு ஒரு முறை பயிற்சியைக் குறைத்து உடம்பைத் தேறவிடுங்கள்.

ஆறாவது வாரத்திலிருந்து ஒரு புதுப் பாடம். சைக்கிளை விட்டு இறங்கியதும் உடனே பத்து நிமிஷம் ஓடிப் பாருங்கள். கால் யாரோ இரவல் கொடுத்தது போல் இருக்கும்! உட்கார்ந்து மிதித்த கால்கள் நிமிர்ந்து ஓடுவதற்குச் சிறிது நேரம் பிடிக்கிறது. வாரம் ஒருமுறை பழகினால் பந்தயத்தன்று பயம் இராது. பந்தயத்தன்று காலையில் வயிறு நிறையச் சாப்பிடாமல், இரண்டு மணி நேரத்துக்கு முன்பே இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் போதும். புதுப் பலகாரத்துக்கும் புதுச் செருப்புக்கும் அது நாள் அல்ல.

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் நேரத்தை இந்த விளையாட்டில் 'நான்காவது போட்டி' என்பார்கள். துண்டு, ஹெல்மெட், காலணி மூன்றையும் வரிசையாக வைத்து, தடுமாறாமல் மாறுவது ஒரு கலை. பாலை இறக்கிவைத்து, குழந்தைக்குச் சடை பின்னி, பஸ்ஸைப் பிடிக்க ஓடும் நம் அம்மணிகளுக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்?

அவர்களுக்கு உண்மையான நான்காவது போட்டி வீட்டில்தான். பெண்களில் பலர் பாதியில் நிறுத்திவிடுவது தண்ணீருக்குப் பயந்தல்ல. வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு முக்கால் மணி, தமக்கென்று கேட்கத் தயங்குவதால். கேளுங்கள், சகோதரிகளே! அந்த ஆறு நாளும் காலைக் காப்பி யார் போடுவது என்பதை முதலில் தீர்மானித்துவிடுங்கள். மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.