படகுக் கிடங்கு சொன்ன பாடம்

குட்டீஸ்... அடுக்குமாடிக் கட்டடம் கட்டும்போது கவனித்திருக்கிறீர்களா? முதலில் தூண்களும் உத்தரங்களும் எழும்பும். சுவர் பிறகுதான் வரும். பாரத்தைச் சுமப்பது சுவர் அல்ல, எலும்புக்கூடு போன்ற அந்தச் சட்டம்தான்!

பல மாடிகளுக்கு இப்படி முழுக்க இரும்புச் சட்டம் அமைத்த முன்னோடிகளில் ஒருவர், காட்ஃப்ரே கிரீன். நம் நாட்டில், வங்காளப் படையின் பொறியாளர் பிரிவில் பணியாற்றியவர். 1850ல் பிரிட்டிஷ் கடற்படையின் கட்டடப் பணி இயக்குனரானார். விக்டோரியா மகாராணி ஆண்ட காலம் அது. கடற்படை, நீராவிக் கப்பலுக்கும், இரும்புக் கப்பலுக்கும் மாறிக் கொண்டிருந்தது. அதற்கேற்ப, கப்பல் கட்டும் தளங்களும் மாற வேண்டியிருந்தது.

ஷீர்னஸ் என்ற ஊரின் தளத்தில், கப்பல்களின் படகுகளை வைக்க ஒரு கிடங்கு தேவைப்பட்டது. தரைத்தளத்தோடு சேர்த்து நான்கு தளங்கள். 210 அடி நீளம். நடுவே கூரை வரை திறந்த வெளி. அங்கே படகைத் தூக்கி, இருபுறமும் உள்ள மாடிகளில் அடுக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. என்ன தெரியுமா? நீங்களே செய்து பாருங்கள். நான்கு ஈர்க்குச்சிகளைச் சதுரமாக வைத்து, மூலைகளை நூலால் தளர்வாகக் கட்டுங்கள். லேசாகத் தள்ளினாலே சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை ஒரு குச்சியைக் குறுக்கே கட்டினால் சாயாது. ஆனால், கிடங்கில் அப்படிக் குறுக்குச் சட்டம் வைத்தால் படகு எப்படிப் போகும்?

கிரீன் என்ன செய்தார்? தூணும் உத்தரமும் சேரும் மூலைகளையே அசையாதபடி இறுக்கமாக அமைத்தார். பலத்த காற்று தள்ளினாலும் சட்டம் சாயாது, வழியும் அடைபடாது. சுவர்களுக்கு நெளிவுத் தகடும் ஜன்னல்களும் போதுமானதாக இருந்தன. 1858ல் துவங்கிய வேலை 1860ல் முடிந்தது. புகழ்பெற்ற சிகாகோ அடுக்குமாடி எழுந்ததோ 1885ல்தான்!

ஆனாலும், கடற்படை மதிலுக்குள் இருந்த கிடங்கை யார் கவனிப்பார்கள்? சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, 1950களின் கடைசியில்தான் அறிஞர்கள் அதன் அருமையை உணர்ந்தனர். 1960ல் கடற்படை அந்தத் தளத்தை மூடியது. கிடங்கோ, இங்கிலாந்தின் முதல்தரப் பாரம்பரியக் கட்டடமாகப் பாதுகாக்கப்படுகிறது.

அரண்மனை கட்டினால்தான் பெருமை என்பதில்லை குட்டீஸ். கொடுத்த வேலை படகுக் கிடங்கு என்றாலும், யோசித்துச் செய்தால் அதுவே சாதனைதான்!