உங்களுக்குத் தெரியுமா? வானொலியில் வென்ற மரப்பொம்மை

உதடு அசைக்காமல் பொம்மையைப் பேசவைக்கும் வித்தைக்கு, முகமே தெரியாத வானொலியில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஆனால் எட்கர் பெர்கனும் அவருடைய மரப்பொம்மை சார்லி மெக்கார்த்தியும் 1937இல் சொந்த நிகழ்ச்சி தொடங்கி, 1956 வரை அமெரிக்க வானொலியில் கொடிகட்டிப் பறந்தார்கள். காரணம், வித்தையைவிடப் பாத்திரம் பெரிதாக இருந்ததுதான். ஒற்றைக் கண்ணாடியும் உயரத் தொப்பியும் அணிந்த சார்லியின் வாய்த்துடுக்கு நேயர்களைக் கட்டிப்போட்டது. ஸ்டூடியோவில் கூடியிருந்தவர்களின் சிரிப்பே வீட்டில் இருந்தவர்களையும் இழுத்தது என்று வாதிடலாம். அது துணை நின்றிருக்கும். ஆனால் பெர்கனின் உதடு அசைவதைச் சார்லியே கேலி செய்வதுண்டு. குறை தெரிந்தும் ரசித்தார்கள் என்றால், வென்றது குரலும் எழுத்தும்தான். 1938இல் பெர்கனுக்குக் கிடைத்த சிறப்பு ஆஸ்கர் சிலை மரத்தால் ஆனது. அதன் வாயும் அசையும்.