கார் வண்ணப்பூச்சுக்கு இயந்திர மெருகேற்றம்: தொடக்கநிலைப் பொருட்களின் தேர்வு

இயந்திர மெருகேற்றம் என்பது கார் உடலின் மேல்பூச்சில் உள்ள நுண்கீறல், மங்கல், நீர்க்கறை ஆகியவற்றை, மின்சாரத்தால் இயங்கும் பேட் ஒன்றைக் கொண்டு உராய்பொருள் கலந்த பசையால் தேய்த்து நீக்கும் முறையாகும். பட்டறைகளில் பஃபிங், ரப்பிங் பாலிஷ் என்ற பெயர்களில் இது வழங்குகிறது. மெழுகு பூசுவதும் இதுவும் ஒன்றெனப் பலர் எண்ணுகின்றனர். மெழுகு, பூச்சின் மேல் ஒரு படலமாகத் தங்குகிறது. மெருகேற்றம் பூச்சிலிருந்தே மெல்லிய அடுக்கொன்றைச் சீவி எடுக்கிறது. சீவிய பகுதியைத் திரும்ப வைக்க வழியில்லை. எனவே தொடக்கநிலையினர் எந்த இயந்திரம், எந்தப் பசை வாங்குகிறார்கள் என்பது பணத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. காரின் பூச்சு மிஞ்சுமா என்பதும் அதில் அடங்கியுள்ளது.

பூச்சின் கனம்

இன்றைய கார்களில் உலோகத் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், அதன்மேல் நிறமற்ற கிளியர் கோட் என அடுக்கடுக்காகப் பூசப்படுகிறது. தொழிற்சாலைப் பூச்சின் மொத்தக் கனம் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். இதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்தால், வேலை செய்யக் கிடைக்கும் இடம் எவ்வளவு குறைவு என்பது விளங்கும்.

வெயிலில் நிற்கும் கறுப்பு நிறக் காரின் பானட்டில் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகத் தெரிபவை நுண்கீறல்களே. அவை உண்மையில் வட்டமாக இருப்பதில்லை. எல்லாத் திசைகளிலும் ஓடும் கீறல்களுள், ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டுமே ஒளியைக் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டம் போன்ற தோற்றம் உண்டாகிறது. மணல் ஒட்டிய துணியால் துடைப்பதே இவற்றின் முதன்மைக் காரணம். தமிழகத்துப் பட்டறைகளிலும் வீடுகளிலும் கார் துடைக்கப் பயன்படும் பனியன் வேஸ்ட், அதில் சிக்கிய தூசியோடு சேர்ந்து, இந்த வேலையை நன்றாகவே செய்துவிடுகிறது. உப்பு மிகுந்த போர் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் வரும் வெள்ளைப் புள்ளிகளும் நாளடைவில் பூச்சை அரிக்கின்றன.

மெருகேற்றும்போது கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பூச்சு சமன் செய்யப்படுகிறது. மென்மையான பாலிஷ் ஒரு முறைக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரானோ அதற்கும் குறைவாகவோ எடுக்கும். காம்பவுண்டு அதைவிட அதிகம் எடுக்கும். கிளியர் கோட்டில் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருட்களும் உள்ளன. அது அளவுக்கு மீறி மெலிந்தால் சில ஆண்டுகளில் வெளுத்து, செதிலாக உரியத் தொடங்கும். அதன்பின் மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டும்போது தட்டுப்படும் கீறல், பாதுகாப்பாக நீக்கக்கூடிய ஆழத்தைக் கடந்தது எனக் கொள்வது நல்லது. அதன் விளிம்பை மழுக்கிக் கண்ணுக்குப் படாதவாறு செய்வதோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

இயந்திரம்

பாலிஷ் இயந்திரங்களில் இரண்டு முதன்மை வகைகள் உள்ளன. ரோட்டரி எனப்படுவது ஒரே அச்சில் சுழலும். நிமிடத்திற்குச் சுமார் 600 முதல் 3,000 சுற்றுகள் வரை வேகத்தை மாற்றலாம். விரைவாக வெட்டும், ஒரே இடத்தில் சில நொடிகள் நின்றாலும் வெப்பம் ஏறிப் பூச்சைச் சுடும். பழகாத கையில் இது, வெயிலில் காரோடு சேர்ந்து நகரும் நிழல் போன்ற ஹாலோகிராம் தடங்களை விட்டுச்செல்லும். பட்டறைகளில் கம்பளி பேட் மாட்டிய ரோட்டரியே நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. பஃபிங் செய்த கார் இரண்டு வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது என்ற குறை எழுவதற்கு, எண்ணெய்ப்பசை மறைத்திருந்த இந்தத் தடங்கள் வெளிப்படுவதும் ஒரு காரணம்.

இரண்டாவது வகை டூயல் ஆக்ஷன், சுருக்கமாக டிஏ. இதில் பேட் தன் மையத்தில் தானே சுழல்வதோடு, மையத்திலிருந்து சற்று விலகிய சிறு வட்டத்திலும் ஆடுகிறது. சுழற்சி பற்சக்கரத்தால் பிணைக்கப்படவில்லை. கை அழுத்தம் மிகும்போதும் பேட் ஒரு விளிம்பில் சாயும்போதும் சுழற்சி நின்று வெறும் ஆட்டம் மட்டும் எஞ்சும். இது குறை போலத் தோன்றினாலும் தொடக்கநிலையினரின் பூச்சைக் காப்பது இந்தக் குணமே. முதல் இயந்திரமாக டிஏவைத் தவிர வேறொன்றை வாங்கக் காரணம் எதுவும் இல்லை.

டிஏ வாங்கும்போது பார்க்க வேண்டியது வாட் எண்ணைவிட ஆட்ட விட்டமே. 8, 12, 15, 21 மில்லிமீட்டர் எனப் பல அளவுகள் கிடைக்கின்றன. அமெரிக்காவில் பல வீட்டுப் பயனர்களுக்கு முதல் இயந்திரமாக அமைந்த போர்ட்டர்-கேபிள் 7424எக்ஸ்பி ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆட்டமும், நிமிடத்திற்கு 2,500 முதல் 6,800 வரை ஆறு வேக நிலைகளும் கொண்டது. நீண்ட ஆட்டத்தைப் பரவலாக்கியது இத்தாலியின் ரூபஸ் நிறுவனம். அதன் பிக்ஃபுட் வரிசையில் 15, 21 மில்லிமீட்டர் இயந்திரங்கள் உள்ளன. 21 மில்லிமீட்டர் பானட், கூரை போன்ற அகன்ற தட்டையான பகுதிகளில் வேகமாக வேலையை முடிக்கும். கதவு மடிப்பு, பம்பர் வளைவுகளில் அடிக்கடி நின்றுபோகும். 5 அங்குல அடித்தட்டுடன் 15 மில்லிமீட்டர் அளவு கொண்டது ஒரே இயந்திரமாக வாங்குவோருக்குப் பொருந்தும். சிறிய கார் என்றால் 8 அல்லது 12 போதும், நேரம் மட்டும் கூடும். ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் எக்ஸ்சி 3401 போன்று ஆட்டமும் சுழற்சியும் பற்சக்கரத்தால் இயங்கும் வகையும் உண்டு. அது எளிதில் நிற்காது. இரண்டாவது இயந்திரமாக வாங்கத் தகுந்தது.

வெளிநாட்டிலிருந்து வாங்கி வருவோர் மின்னழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கான இயந்திரம் 120 வோல்ட்டுக்கு உரியது. இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நேரடியாக மாட்டினால் மோட்டார் கருகிவிடும்.

இரண்டு பொருட்களை வாங்காமல் விடுவது நல்லது. ஒன்று, ஆங்கிள் கிரைண்டரில் மாட்டும் பாலிஷ் பேட். 4 அங்குல கிரைண்டர் பொதுவாக நிமிடத்திற்கு 11,000 சுற்று அளவில் ஓடுகிறது. கார் பூச்சு அதைத் தாங்காது, பேட்டும் பிய்ந்து தெறிக்கும். மற்றொன்று, இரண்டு கைப்பிடியும் 10 அங்குலத் துணி உறையும் கொண்ட மலிவான வேக்ஸ் இயந்திரம். அது ஆபத்தில்லாதது. ஆனால் மெழுகு பரப்புவதற்கு மட்டுமே உதவும். கீறல் ஒன்றையும் நீக்காது.

பேட்

பேட்களில் நுரை, மைக்ரோஃபைபர், கம்பளி என மூன்று வகைகள் உண்டு. தொடக்கத்துக்கு நுரை போதும். கெட்டியான நுரை வெட்டவும், நடுத்தர நுரை மெருகேற்றவும், மென்மையான நுரை இறுதிப் பளபளப்புக்கும் உரியவை. நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யக்கூடாது. ஒரு நிறுவனத்தின் ஆரஞ்சு வெட்டுவதற்கானது என்றால் மற்றொன்றின் ஆரஞ்சு வேறாக இருக்கும். பேட் அடித்தட்டைவிடச் சற்று பெரியதாக இருக்க வேண்டும். 5 அங்குலத் தட்டுக்கு 5.5 அங்குல பேட் வழக்கம். இல்லையேல் தட்டின் கடினமான விளிம்பு பூச்சில் இடிக்கும்.

பலர் தவறுவது எண்ணிக்கையில். ஒரே பேட்டால் முழுக் காரையும் முடிக்க முயன்றால், அது பசையாலும் சீவிய பூச்சாலும் நிறைந்து, சூடேறி, ஒட்டுப்பட்டை கழன்று வரும். நடுத்தர வகையில் நான்கும் மென்மையானதில் இரண்டும் கெட்டியானதில் இரண்டும் இருந்தால் ஒரு கார் தடையின்றி முடியும். பணம் குறைவாக இருந்தால் விலையுயர்ந்த இயந்திரத்தைவிட நல்ல பேட்களுக்குச் செலவிடுவதே மேல்.

பாலிஷும் காம்பவுண்டும்

இரண்டிலும் உராய்பொருளாகப் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடே உள்ளது. துகளின் அளவும் தன்மையும்தான் வேறு. சில பசைகளில் துகள் தேய்க்கத் தேய்க்க உடைந்து நுண்மையாகும். சிலவற்றில் மாறாமல் இருக்கும். முதல் வகையைப் பாதியில் நிறுத்தினால் மங்கல் எஞ்சும். எந்த வகை என்பது குப்பியிலோ நிறுவனத்தின் விளக்கத்திலோ பெரும்பாலும் குறிப்பிடப்பட்டிருக்கும். மெகுவையர்ஸ், 3எம், மென்செர்னா ஆகியவை பரவலாக அறியப்பட்ட பெயர்கள். இவற்றுள் மெகுவையர்ஸ் 1901இல் மரச்சாமான் பாலிஷ் தயாரிப்பில் தொடங்கியது.

ஐந்தாறு குப்பி கொண்ட தொகுப்பு தேவையில்லை. ஒரே நிறுவனத்தின் ஒரு நடுத்தர பாலிஷும், கீறல் அதிகம் என்றால் ஒரு காம்பவுண்டும் போதும். சிலிக்கான் நிரப்பிக் கீறலை மறைக்கும் கிளீனர் வேக்ஸ் வகைகளைப் பாலிஷ் என்று எண்ணி வாங்கிவிடக்கூடாது. அதன் பளபளப்பு சில கழுவல்களில் போய்விடும்.

துணைப் பொருட்கள்

கழுவிய கார் சுத்தமான கார் அன்று. கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுப் பூச்சின் மேல் தடவினால், ஒட்டியிருக்கும் பிரேக் தூளும் தார்த் துளியும் சொரசொரப்பாகத் தெரியும். இவற்றை நீக்கக் களிமண் போன்ற கிளே பாரும் அதற்கு வழுக்கு நீரும் வேண்டும். இந்தப் படியைத் தாண்டினால் துகள்கள் பேட்டில் சிக்கி, புதிய கீறல்களைப் போடும்.

கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பட்டைகளை மறைக்க மாஸ்கிங் டேப் தேவை. பாலிஷ் காய்ந்து வெள்ளையாக அங்கே படிந்தால் எடுப்பது கடினம். மடிப்பு முனைகளிலும் டேப் ஒட்டுவது நல்லது. அங்கே பூச்சு மெலிந்திருப்பதோடு அழுத்தமும் ஒரு கோட்டில் குவிகிறது. துடைக்கப் பத்துப் பன்னிரண்டு மைக்ரோஃபைபர் துணிகள், எண்ணெய்ப்பசையை நீக்கி உண்மை நிலையைப் பார்க்க நீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கீறலைக் காண ஒரு எல்இடி டார்ச், கண்ணாடி, முகக்கவசம் ஆகியவையும் வேண்டும். தரையில் விழுந்த துணியைத் திரும்பப் பூச்சின் மேல் வைக்கக்கூடாது.

பூச்சின் கனமானி விலை அதிகம் என்றாலும் பழைய கார் வாங்கியவர் இரவலாவது பெற்றுப் பயன்படுத்தத் தக்கது. 80 மைக்ரானுக்குக் கீழ் காட்டினால் முன்பே பலமாகத் தேய்க்கப்பட்டிருக்கலாம். பல நூறு மைக்ரான் காட்டினால் அடியில் பட்டி பூசி மறுபூச்சு அடித்திருப்பார்கள். கனம் கூடியிருப்பதால் கிளியர் கோட்டும் கூடியிருக்கும் என்று பொருளில்லை. கருவி காட்டுவது மொத்தத்தை மட்டுமே. சாதாரணக் கனமானி பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது.

சோதனைப் பகுதி

நிழலில், தொட்டால் சூடு தெரியாத பானட்டில், இரண்டடிக்கு இரண்டடி இடத்தை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். மென்மையான இணையிலிருந்து தொடங்குவதே விதி: நடுத்தர பேட், நடுத்தர பாலிஷ், பட்டாணி அளவில் நான்கைந்து துளி. குறைந்த வேகத்தில் பரப்பி, பின் நான்காம் அல்லது ஐந்தாம் நிலையில், நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்த்தி, குறுக்கும் நெடுக்குமாக நான்கு முறை ஓட்டலாம். அடித்தட்டின் பக்கத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டால் பேட் சுழல்கிறதா, வெறுமனே ஆடுகிறதா என்பது தெரியும். ஆல்கஹாலால் துடைத்து டார்ச்சில் பார்த்தபின் கீறல் எஞ்சியிருந்தால் மட்டுமே கெட்டியான பேட்டுக்கோ காம்பவுண்டுக்கோ செல்ல வேண்டும். எது போதுமானதாக இருந்ததோ அதையே முழுக் காருக்கும் பயன்படுத்தலாம்.

வேலையின் நடுவே பேட்டில் காரின் நிறம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது அவசியம். கிளியர் கோட் இல்லாத பழைய ஒற்றை அடுக்குப் பூச்சில் இது இயல்பு. கிளியர் கோட் உள்ள காரில் நிறம் வந்தால் மேலடுக்கு தீர்ந்துவிட்டது என்று பொருள். உடனே நிறுத்த வேண்டும். மேட் பூச்சு கொண்ட கார்களை எந்த இயந்திரத்தாலும் மெருகேற்றக்கூடாது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்துத் திட்டாக நின்றுவிடும். புதிதாக மறுபூச்சு அடித்த பகுதியில், பெயிண்ட் நிறுவனம் குறிப்பிடும் காலம் முடியும் வரை இயந்திரத்தை வைக்கக்கூடாது.